பவளத்திட்டு மீன்களின் வாழிடச் சிறப்பாக்கம்

பவளத்திட்டு மீன்களின் வாழிடச் சிறப்பாக்கம் என்பது, பவளத்திட்டில் பல வகையான இடங்கள் இருந்தும் ஒரு மீன் இனம் அவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ மட்டும் தன் இருப்பிடமாகவோ உணவிடமாகவோ கொண்டு வாழும் இயல்பாகும். இவ்வாறு வாழும் இனங்களைச் சிறப்பினங்கள் என்றும், பல வகை இடங்களில் வாழக்கூடியவற்றைப் பொதுவினங்கள் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. ஒரு சிறப்பினத்தின் எண்ணிக்கை, அது சார்ந்துள்ள பவளத்தின் எண்ணிக்கையோடு பிணைந்தது. அந்தப் பவளம் செழித்தால் மீனும் செழிக்கும். அது அழிந்தால், வேறு பவளங்கள் அருகிலேயே உயிருடன் இருந்தாலும் மீன் மறைந்துவிடும். கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறி இறக்கும் நிகழ்வுகள் 1998 முதல் உலக அளவில் மீண்டும் மீண்டும் நேர்ந்து வருவதால், இந்தப் பிணைப்பு மீன் இனங்களின் அழிவு குறித்த ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றுள்ளது.

பொருள்

நிலத்து உயிர்களைக் கொண்டு இக்கருத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பட்டுப்புழு முசுக்கொட்டை (மல்பெரி) இலையை மட்டுமே உண்டு வளரும். காகமோ சோறு, பழம், புழு, எலி என எது கிடைத்தாலும் உண்ணும். முசுக்கொட்டைச் செடிகள் பட்டுப்போனால் பட்டுப்புழுவும் இல்லை. காகத்துக்கு ஓர் உணவு போனால் இன்னொன்று உண்டு. பவளத்திட்டிலும் இவ்விரு வகையினரும் வாழ்கின்றனர்.

பவளத்திட்டுகள் கடலடியின் மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே பிடித்துள்ளன. ஆனால் கடல்வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவற்றைச் சார்ந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் உள்ளன. இத்தனை இனங்களும் ஒரே மாதிரியான இடத்தில் வாழ்வதில்லை. கிளைத்த பவளத்தின் இடுக்குகள், மேசை போல விரிந்த பவளத்தின் அடிப்புறம், உருண்டைப் பவளங்களின் மேற்பரப்பு, இறந்த பவளங்களின் உடைசல் குவியல், மணல், கடல் விசிறிகள், கடல் சாமந்திகள் என ஒவ்வொன்றும் தனித்தனி வாழிடமாகும்.

சிறப்பாக்கத்தில் பல படிகள் உண்டு. சில மீன்கள் ஏதேனும் உயிருள்ள பவளம் இருந்தால் போதும் என்ற நிலையில் இருக்கும். சில, கிளைத்த பவளங்களை மட்டும் நாடும். இன்னும் சில ஒரு பேரினத்தையும், மிகச் சில ஒரே ஒரு பவள இனத்தையும் மட்டும் நம்பி வாழும். வயதும் இதில் ஒரு காரணி. வளர்ந்த மீன் பல இடங்களில் திரிந்தாலும், குஞ்சுப் பருவத்தில் அதற்குக் குறிப்பிட்ட பவளம் தேவைப்படலாம். பவளத்திட்டு மீன் இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே வாழ்நாள் முழுவதும் உயிருள்ள பவளத்தைக் கட்டாயமாகச் சார்ந்தவை. ஆனால் குஞ்சுகள் முதன்முதலில் வந்து தங்கும் இடத்தைக் கணக்கிட்டால், பவளத்தைச் சார்ந்த இனங்களின் பங்கு இதைவிட மிகப் பெரியது.

சிறப்பாக்கம் தோன்றும் காரணங்கள்

ஒரே இடத்தை நம்பி வாழ்வது ஆபத்தானது என்றால், இயற்கைத் தேர்வில் இந்த இயல்பு ஏன் நிலைத்தது என்ற கேள்வி எழும். இடம் நிலையாக இருக்கும்வரை சிறப்பாக்கம் ஆதாயம் தருகிறது என்பதே இதற்கான விடை.

முதல் ஆதாயம் பாதுகாப்பு. அக்ரோபோரா போன்ற கிளைத்த பவளங்களின் நெருக்கமான கிளைகளுக்கிடையே பெரிய மீன்களால் நுழைய முடியாது. அந்த இடைவெளிக்கு ஏற்ற உடலளவும் வடிவமும் கொண்ட சிறு மீனுக்கு அது கோட்டையாகிறது. இரண்டாவது உணவு. ஒரே வகைப் பவளத்தைக் கொறிக்கும் மீனின் வாயும் செரிமானமும் அதற்கேற்பப் பழகியுள்ளதால், விருப்பமான பவளம் நிறைய உள்ள இடத்தில் அது நன்றாக வளர்கிறது. மூன்றாவது போட்டி. இடத்துக்காகப் பல இனங்கள் மோதும் நெரிசலில், வலிய இனம் சிறந்த பவளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெலிய இனம் வேறு பவளத்துக்குத் தள்ளப்படும். ஆகவே ஒரு மீன் எங்கே வாழ்கிறது என்பது அதன் விருப்பத்தை மட்டும் காட்டுவதில்லை. அண்டை இனங்கள் அதற்கு விட்டுவைத்த இடத்தையும் காட்டுகிறது.

சில உறவுகளில் பவளத்துக்கும் பயன் உண்டு. இரவில் கிளைத்த பவளத்தின் உட்பகுதியில் நீரோட்டம் குறைந்து உயிர்வளி (ஆக்சிஜன்) மிகவும் தாழும். அங்கே உறங்கும் டாம்செல் மீன்கள் துடுப்புகளை இடைவிடாமல் அசைப்பதால் நீர் கலங்கிப் புதிய நீர் உள்ளே வருகிறது. செங்கடலில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. மீன்களின் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தும் பவளத்தின் வளர்ச்சிக்கு உதவுகிறது. எனவே சிறப்பின மீன் மறையும்போது பவளமும் ஒரு துணையை இழக்கிறது.

எடுத்துக்காட்டுகள்

பவள உளுவைகள்

கோபியோடான் பேரினத்தைச் சேர்ந்த பவள உளுவைகள் விரலளவே உள்ள சிறு மீன்கள். இவற்றில் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை அக்ரோபோரா பவளங்களின் கிளைகளுக்கிடையே வாழ்நாள் முழுவதையும் கழிக்கின்றன. பொதுவாக ஒரு பவளக் கொத்தில் ஓர் இணை மட்டுமே இனப்பெருக்கம் செய்யும். பெண் கிளையின் அடியில் முட்டையிட, ஆண் காவல் காக்கும். ஒரு கொத்தை விட்டு இன்னொரு கொத்துக்கு நீந்திச் செல்வது இவற்றுக்கு உயிராபத்தான பயணம். அதனால் இவற்றில் சில இனங்களிடம் அரிய தகவமைப்பு ஒன்று காணப்படுகிறது. ஒரே கொத்தில் சேர்ந்த இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்று ஆணாக மாறும். இரண்டும் ஆணாக இருந்தால் ஒன்று பெண்ணாக மாறும். துணை தேடி வெளியே அலையாமல், கிடைத்த துணையுடன் குடும்பம் நடத்த இது வழிசெய்கிறது.

வண்ணத்துப்பூச்சி மீன்கள்

பவள உயிரிகளைத் தின்னும் மீன்களாக 11 குடும்பங்களைச் சேர்ந்த 128 இனங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் 69 இனங்கள் வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துள் செவ்ரான் வண்ணத்துப்பூச்சி மீன் மிகக் குறுகிய உணவுப் பழக்கம் உடையது. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இது பெரும்பாலும் அக்ரோபோரா ஹயாசிந்தஸ் எனப்படும் மேசைப் பவளத்தையே கொறிக்கிறது. அந்த மேசையைத் தன் எல்லையாக்கி, பிற மீன்களைத் துரத்தியும் விடுகிறது. இதற்கு மாறாக, இதே குடும்பத்தைச் சேர்ந்த கீட்டோடான் லூனுலேட்டஸ் பல வகைப் பவளங்களைத் தின்னும். மேசைப் பவளம் அரிதான கடற்பகுதிகளில் செவ்ரான் மீன் வேறு அக்ரோபோரா இனங்களை உண்டு வாழ்வதும் அறியப்பட்டுள்ளது. எனவே ஓர் இனத்தின் சிறப்பாக்கத்தை ஓரிடத்து ஆய்வை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

ஆரஞ்சுப்புள்ளிக் கிளாத்தி

நீண்ட முகமும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட இச்சிறு மீன் ஏறக்குறைய முழுவதும் அக்ரோபோரா பவள உயிரிகளையே உண்கிறது. பெரும்பாலும் இணையாகவே திரியும். தான் தின்னும் பவளத்தின் வாசனை இதன் உடலிலும் ஏறிவிடுவதால், மோப்பத்தால் இரை தேடும் மீன்கள் இதைப் பவளத்திலிருந்து பிரித்தறியத் திணறுகின்றன என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. உணவு, மறைவிடம் இரண்டுக்கும் ஒரே பவளத்தை நம்பும் இம்மீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக உள்ளது.

கோமாளி மீன்கள்

கோமாளி மீன்கள் கடல் சாமந்திகளின் கொட்டும் உணர்கொம்புகளுக்கிடையே வாழ்பவை. இவற்றுக்கு இடம் தரும் கடல் சாமந்தி இனங்கள் பத்து. கிளார்க் கோமாளி மீன் இந்தப் பத்திலும் வாழக்கூடிய பொதுவினம். முட்கன்னக் கோமாளி மீனோ ஒரே ஒரு சாமந்தி இனத்தில் மட்டும் வாழும் சிறப்பினம். நெருங்கிய உறவுடைய இனங்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருப்பதால், சிறப்பாக்கத்தைப் பற்றிய ஒப்பாய்வுகளுக்கு இக்குழு மிகவும் ஏற்றதாக உள்ளது.

பங்காய் கார்டினல் மீன்

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை இயற்கை வாழிடமாகக் கொண்டது இம்மீன். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாத்து, குஞ்சுகளை அதே இடத்திலேயே விடுகிறது. பிற பவளத்திட்டு மீன்களைப் போல இதன் இளம் உயிரிகள் திறந்த கடலில் மிதந்து பரவுவதில்லை. குஞ்சுகள் நீண்ட முட்களுடைய கடல் முள்ளெலிகளுக்கிடையிலும் கடல் சாமந்திகளிலும் ஒளிந்து வாழ்கின்றன. காட்சித்தொட்டி வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதாலும், ஒளியிடங்களான முள்ளெலிகளும் சாமந்திகளும் அகற்றப்பட்டதாலும் இதன் எண்ணிக்கை சரிந்தது. 2007-இல் இது அருகிவரும் இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை

பவளத்திட்டு மீன்களில் பெரும்பாலானவற்றின் வாழ்க்கை இரு கட்டங்களாக அமைந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிரி (லார்வா) சில நாட்கள் முதல் சில வாரங்கள்வரை திறந்த கடலில் மிதந்து வாழும். பிறகு பவளத்திட்டைத் தேடி வந்து குடியேறும். அதன்பின் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

குடியேற வரும் குஞ்சுக்கு உரிய பவளம் கண்ணில் படவேண்டும். அந்தப் பவளம் காலியாகவும் இருக்கவேண்டும். ஒரு கொத்துக்கு ஓர் இணை என்ற கணக்கில் வாழும் உளுவைகளுக்கு, பவளக் கொத்துகளின் எண்ணிக்கையே இணைகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு. கடலிலிருந்து எத்தனை குஞ்சுகள் வந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. பொதுவினத்துக்கு இத்தகைய இறுக்கமான வரம்பு இல்லை. அதன் எண்ணிக்கையைக் குஞ்சுகளின் வரத்து, உணவு, பகைமீன்கள் ஆகிய பலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகிறது. சிறப்பினம் என்றாலே அரிதான இனம் என்று பொருளல்ல. எங்கும் பரவலாக வளரும் பவளத்தைச் சார்ந்த சிறப்பினம் ஏராளமாக இருக்கலாம். அரிய பவளத்தைச் சார்ந்த சிறப்பினமோ எப்போதும் அரிதாகவே இருக்கும். குறுகிய வாழிடம், குறுகிய புவிப்பரவல், குறைந்த எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஓர் இனத்தில் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து உச்சமடைகிறது. பரவலும் எண்ணிக்கையும் பெரிதாக உள்ள சிறப்பினம் ஓரிடத்தில் அழிந்தாலும், வேறு இடத்திலிருந்து வரும் குஞ்சுகளால் மீண்டும் தலையெடுக்க வாய்ப்புண்டு.

ஆனால் அந்த வாய்ப்புக்கும் எல்லை உண்டு. பப்புவா நியூ கினியில் உள்ள கிம்பே தீவைச் சுற்றி நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அங்கே குடியேறிய கோமாளி மீன் குஞ்சுகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு அதே தீவில் பிறந்தவை என்று தெரியவந்தது. குஞ்சுகளில் பெரும்பகுதி பிறந்த இடத்துக்கே திரும்பும் நிலையில், ஓரிடத்துத் தாய்மீன்கள் அழிந்தால் தொலைவிலிருந்து வரும் குஞ்சுகள் அந்த இழப்பை விரைவில் ஈடுசெய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

வாழிடம் குறையும்போது

பவளத்திட்டின் நலத்தை அளக்க, உயிருள்ள பவளம் அடித்தளத்தில் எத்தனை விழுக்காடு மூடியுள்ளது என்று பார்ப்பது வழக்கம். சிறப்பினங்களைப் பொறுத்தவரை இந்தச் சராசரி அளவு ஏமாற்றக்கூடியது. ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம்.

ஒரு திட்டில் 1,000 பவளக் கொத்துகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 100 கொத்துகள் 'அ' என்ற பவள இனம். மீதி 900 பிற இனங்கள். வெப்ப அலையில் 'அ' இனத்தில் 90 கொத்துகளும், பிற இனங்களில் 180 கொத்துகளும் இறக்கின்றன. மொத்த இழப்பு 270. அதாவது 27 விழுக்காடு. திட்டைப் பார்வையிடுபவருக்கு நான்கில் மூன்று பங்கு பவளம் உயிருடன் இருப்பதாகவே தோன்றும். எல்லாப் பவளங்களிலும் வாழும் பொதுவின மீனுக்கு இழப்பு ஏறக்குறைய 27 விழுக்காடு. 'அ' பவளத்தில் மட்டும் வாழும் சிறப்பின மீனுக்கோ 90 விழுக்காடு. நூறு வீடுகளில் பத்தே மிஞ்சியுள்ளன. அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தால் துணை கிடைப்பதும் அரிதாகும்.

உண்மையிலும் பவளங்கள் ஒரே சீராக இறப்பதில்லை. கடல்நீரின் வெப்பம் அவ்விடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியசு அளவுக்கு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் தம் திசுக்களில் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறத் தொடங்கும். அப்போது அக்ரோபோரா போன்ற கிளைத்த, விரைவாக வளரும் பவளங்களே முதலில் பெருமளவில் மடிகின்றன. போரைட்டிஸ் போன்ற உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாங்குகின்றன. முள்கிரீட நட்சத்திரமீன்களும் அக்ரோபோராவையே விரும்பித் தின்கின்றன. புயலலைகளில் எளிதில் முறிவதும் இதுவே. சிறப்பின மீன்களில் பல நம்பியிருப்பதும் இதே அக்ரோபோராவைத்தான் என்பது இந்தச் சிக்கலின் மையம்.

பவளம் இறந்தவுடன் மீன் இறப்பதில்லை. அழிவு படிப்படியாக நேர்கிறது. வெளிறிய பவளத்தின் வெண்மைப் பின்னணியில் சிறு மீன்கள் பகைமீன்களின் கண்ணில் எளிதாகப் படுகின்றன. பவள உயிரிகளைத் தின்னும் மீன்கள் உணவின்றி மெலிகின்றன. இறந்த பவளத்தின்மேல் பாசி படரும்போது உறைந்திருந்த மீன்கள் வெளியேறுகின்றன. வேறு கொத்துகளை நாடினால் அங்கே ஏற்கெனவே வாழும் மீன்கள் துரத்துகின்றன. புதிதாக வரும் குஞ்சுகள் இறந்த பவளத்தைத் தவிர்க்கின்றன. சில ஆண்டுகளில் இறந்த பவளத்தின் எலும்புக்கூடும் நொறுங்கி உடைசலாகும்போது, உயிருள்ள பவளம் தேவைப்படாமல் மறைவிடம் மட்டும் தேடும் மீன்களும் இடமிழக்கின்றன.

கிம்பே வளைகுடா

பப்புவா நியூ கினியின் நியூ பிரிட்டன் தீவின் வடகரையில் அமைந்தது கிம்பே வளைகுடா. பவளங்களும் மீன்களும் மிகுந்த பல்வகைமையுடன் உள்ள கடற்பகுதி இது. 1990-களின் பிற்பகுதி முதல் இங்கே பவளப் பரப்பு கடுமையாகச் சரிந்தது. வெளிறல், நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட வண்டல், முள்கிரீட நட்சத்திரமீன்களின் பெருக்கம் ஆகியவை சேர்ந்து இதற்குக் காரணமாயின.

இச்சரிவின்போது மீன்களைத் தொடர்ந்து கணக்கெடுத்த ஜெஃப்ரி ஜோன்ஸ் தலைமையிலான குழு, 2004-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மீன் இனங்களில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை எண்ணிக்கையில் குறைந்திருந்தன. பாதி இனங்கள் தம் முந்தைய எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே சென்றிருந்தன. குஞ்சுப் பருவத்தில் உயிருள்ள பவளத்தை எந்த அளவுக்கு ஓர் இனம் சார்ந்திருந்ததோ, அந்த அளவுக்கு அதன் வீழ்ச்சியும் பெரிதாக இருந்தது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. வளைகுடாவில் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்ட காப்பிடங்களும் இருந்தன. மீன்பிடிக்கத் திறந்திருந்த இடங்களும் இருந்தன. இரண்டிலும் மீன்கள் ஒரே மாதிரியாகக் குறைந்தன. வலையையும் தூண்டிலையும் தடுத்த எல்லைக்கோட்டால் வெப்பத்தையும் வண்டலையும் தடுக்க முடியவில்லை.

அதே ஆண்டு ஃபிலிப் மண்டே இவ்வளைகுடாவின் பவள உளுவைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சில பவள இனங்களை மட்டும் நம்பிய உளுவைகள், பல இனங்களைப் பயன்படுத்திய உளுவைகளைவிட அதிக விகிதத்தில் குறைந்திருந்தன. மிகக் குறுகிய பரவலுடன் ஒரே பவள இனத்தைச் சார்ந்து வாழ்ந்த, அப்போது அறிவியல் பெயர்கூட இடப்படாத ஓர் உளுவை முற்றிலும் அழிந்திருக்கக்கூடும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். கடல் மீன்கள் பரந்த கடலில் பரவி வாழ்பவை, ஆகவே எளிதில் அழியமாட்டா என்று நிலவிவந்த எண்ணத்தை இத்தகைய ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கின.

பிற கடற்பகுதிகள்

ஜப்பானின் ஒக்கினாவா பகுதியில் 1998-இல் பவளங்கள் வெளிறி இறந்தபோது, அங்கே ஆய்வு செய்யப்பட்டுவந்த ஆரஞ்சுப்புள்ளிக் கிளாத்திகள் விரைவாகக் குறைந்து, ஆய்வுப் பகுதியிலிருந்து மறைந்தன.

இந்தியப் பெருங்கடலின் சீசெல்சு தீவுகளில் அதே ஆண்டு நேர்ந்த வெளிறலில் உட்புறத் தீவுகளைச் சுற்றிய உயிருள்ள பவளத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. 1994-இல் எடுத்த கணக்கையும் 2005-இல் எடுத்த கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நான்கு மீன் இனங்கள் அப்பகுதியிலிருந்து அழிந்திருக்கக்கூடும் என்று கண்டனர். மீன் இனங்களின் வகையும் குறைந்திருந்தது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று, பவளப் பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு நேர்ந்த இடங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் சராசரியாக 62 விழுக்காடு மீன் இனங்கள் குறைந்ததாகக் காட்டியது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் உயிருள்ள பவளத்தை நம்பிய இனங்கள் தவறாமல் குறைந்தன. பாசியையும் மட்கிய பொருள்களையும் முதுகெலும்பற்ற சிறு உயிர்களையும் உண்ணும் சில இனங்கள் பெருகின. ஆகவே வெளிறலுக்குப் பின் ஒரு திட்டில் மீன்களின் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறாமலும் இருக்கலாம். ஆனால் அங்கே நீந்துபவை முன்பிருந்த மீன்கள் அல்ல. சிறப்பினங்களின் இடத்தில் பொதுவினங்கள் நிறைய, வெவ்வேறு திட்டுகள் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன.

மனிதர் உண்ணும் மீன்களும் இதற்கு விலக்கல்ல. ஆஸ்திரேலியாவில் விலைமதிப்புடைய பவளக் களவாக்களின் வளர்ந்த மீன்கள் பல இடங்களில் திரிந்தாலும், அவற்றின் குஞ்சுகள் மணற்பாங்கான தளத்தின்மேல் வளர்ந்த அக்ரோபோரா கொத்துகளை நாடுகின்றன. குஞ்சுகளின் வாழிடம் குறைவதன் விளைவு மீனவர் வலையில் சில ஆண்டுகள் கழித்தே தெரியும்.

மீட்சி

அக்ரோபோரா எளிதில் அழிவதைப் போலவே விரைவாகவும் வளரக்கூடியது. இடையூறு இல்லாத பத்து ஆண்டுகள் கிடைத்தால் மேசைப் பவளங்கள் ஒரு திட்டை மீண்டும் மூடிவிடும். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வட, மையப் பகுதிகளில் 2022-இல் பதிவான பவளப் பரப்பு, அதற்கு முந்தைய 36 ஆண்டுக் கண்காணிப்பில் மிக அதிகமானது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு அக்ரோபோராவினுடையது. இத்தகைய காலங்களில் அதைச் சார்ந்த மீன்களுக்கும் மீள வாய்ப்புண்டு. ஆனால் 2024-இல் அதே திட்டு மீண்டும் கடுமையாக வெளிறியது. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பவளப் பரப்பு பெரிதும் குறைந்திருந்தது.

மீட்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, இரு வெளிறல்களுக்கிடையே போதிய ஆண்டுகள் இருக்கவேண்டும். இரண்டாவது, குஞ்சுகளை அனுப்பும் தாய்மீன்கள் எட்டும் தொலைவில் எங்கேனும் எஞ்சியிருக்கவேண்டும். பவளம் மீண்டுவந்து, மீன் மட்டும் திரும்பாமல் போவதும் நேரலாம். பரவல் குறுகிய சிறப்பினங்களுக்கு இந்த இரண்டாவது நிபந்தனையே கடினமானது.

பாதுகாப்பு

மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் காப்பிடங்கள் உணவு மீன்களுக்கு நன்மை தருகின்றன. யாரும் பிடித்து உண்ணாத விரலளவு உளுவைக்கு ஆபத்து மீன்பிடிப்பிலிருந்து வரவில்லை. அதன் வீடு அழிவதிலிருந்து வருகிறது. ஆகவே சிறப்பினங்களைக் காப்பது என்பது அவை சார்ந்த பவளங்களைக் காப்பதே. கரையோரக் காடுகளைப் பேணி வண்டல் கடலில் சேர்வதைக் குறைத்தல், உரமும் கழிவுநீரும் கலப்பதைத் தடுத்தல், முள்கிரீட நட்சத்திரமீன்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை உள்ளூரில் செய்யக்கூடியவை. புவி வெப்பமாதலைக் குறைப்பது உலக நாடுகள் சேர்ந்து செய்யவேண்டியது. அதைச் செய்யாமல் உள்ளூர் முயற்சிகள் மட்டும் நெடுங்காலம் பயன் தரமாட்டா.

காப்பிடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்தப் பவளப் பரப்பை மட்டும் பார்க்காமல், எந்தெந்தப் பவள இனங்கள் உள்ளன என்பதையும் பார்க்கவேண்டியுள்ளது. குளிர்ந்த நீரோட்டம் படும் இடங்களும் சற்று ஆழமான இடங்களும் வெப்ப அலைகளின்போது பவளங்களுக்குப் புகலிடமாகலாம். பவளக் கிளைகளை வளர்த்து நடும் மீட்புப் பணிகளில், எளிதில் வளரும் ஓரிரு இனங்களை மட்டும் நட்டால் பரப்பு கூடும், ஆனால் பிற பவளங்களைச் சார்ந்த மீன்களுக்கு இடம் கிடைக்காது. பல இனங்களைக் கலந்து நடுவது இதனால் முக்கியமாகிறது.

கணக்கெடுப்பிலும் கவனம் தேவை. நீரில் மூழ்கி மீன்களை எண்ணும் வழக்கமான முறையில், பவளக் கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் சிறு மீன்கள் பெரும்பாலும் விடுபடுகின்றன. அவற்றை எண்ண ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியே உற்றுநோக்கவேண்டும். மீனின் எண்ணிக்கையோடு அது தங்கியுள்ள பவளத்தின் இனத்தையும் குறித்துவைத்தால்தான், அடுத்த வெளிறலில் எந்த மீனுக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும்.